உத்தரவாதம் முடிந்தால் மடிக்கணனியும் முடிந்ததா?

இன்று எமது கிராமங்களில் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் ஒழுங்கைக்கு ஒன்றாவது மடிக்கணனி இருக்கிறது. பருத்தித்துறைப் பிரதேசத்தில் சமூகப் பணியாளராக நான் சென்றுவரும் வீடுகளில் காணும் மடிக்கணனிகளிற் பெரும்பாலானவை புதிதாக வாங்கப்பட்டவை அல்ல. லண்டனிலோ கனடாவிலோ உள்ள சகோதரர் பாவித்துவிட்டு, ஊருக்கு வந்தபோது கொடுத்துச் சென்றவை. படிப்பு முடித்த அண்ணன் தங்கைக்கு விட்டுச் சென்றவை. யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் "பாவிச்சது, ஆனால் நல்ல கொண்டிசன்" என்று சொல்லி விற்கப்பட்டவை. எங்கள் கைக்கு வரும்போதே இவற்றின் உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும். வெளிநாட்டில் வாங்கியதென்றால் அங்குள்ள உத்தரவாதம் பல வேளைகளில் இங்கே செல்லுபடியாவதுமில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர்தான் இந்தப் பொருள் ஆடம்பரம் அல்ல, அவசியம் என்பதைப் பல குடும்பங்கள் உணர்ந்தன. ஆனால் 2022 இல் வந்த பொருளாதார நெருக்கடி புதிய மடிக்கணனியைச் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத பொருளாக்கிவிட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. அதன் பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இறக்குமதிப் பொருளான கணனியின் விலையும் அப்படியே.

ஆகவே வீட்டில் உள்ள பழைய மடிக்கணனி ஒருநாள் எரியாமல் நின்றுவிட்டால், அது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய விடயமல்ல. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிய மகளின் படிப்பு அதில் இருக்கிறது. சுயதொழில் செய்யும் தாயின் கணக்கு அதில் இருக்கிறது. கணவனை இழந்த பெண்ணுக்கு மிஞ்சியிருக்கும் குடும்பப் படங்களும் சிலவேளை அதற்குள்தான் இருக்கின்றன. அந்நேரத்தில் அதைத் திருத்துவதா, விடுவதா, எவ்வளவு செலவழிப்பது என்ற முடிவை யார் எடுக்கிறார்கள்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதே.

"விளங்கின மாதிரித் தலையாட்டிப்போட்டு வந்தன்"

கரையோரக் கிராமமொன்றில் பருத்தித்துறை வடை சுட்டு விற்கும் அக்கா ஒருவரை எனக்குச் சில ஆண்டுகளாகத் தெரியும். எமது ஊரின் வடை எங்கெல்லாம் பயணம் செய்கிறது என்பது வாசக சகோதரிகளுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் திரும்பிப் போகும்போது பொதி பொதியாகக் கொண்டு போவார்கள். யாருக்கு எத்தனை பைக்கற், எப்போது கொடுப்பது, யார் காசு தரவேண்டும் என்ற கணக்கையெல்லாம் அவரது மகள் மடிக்கணனியில் பதிந்து வைத்திருந்தாள். மகளின் பல்கலைக்கழகப் பாடங்களும் அதிலேதான். அக்காவின் தம்பி வெளிநாட்டில் பாவித்துவிட்டுக் கொடுத்த கணனி அது.

ஒருநாள் அது எரியவில்லை. சாஜரைக் குத்தினாலும் வெளிச்சம் வரவில்லை. அக்கா அதைத் துணிப்பையில் வைத்துக் கடையொன்றுக்குக் கொண்டு போனார். அங்கிருந்தவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இது போட் அடிச்சிட்டுது. மாத்திறதெண்டால் 48 ஆயிரம் முடியும். அதுக்கு இன்னொண்டு வாங்கலாம்" என்றாராம்.

அக்கா என்னிடம் சொன்னது இது: "பிள்ளை, போட் எண்டால் என்ன, அது எங்க கிடக்கு, எனக்கென்ன தெரியும்? விளங்கின மாதிரித் தலையாட்டிப்போட்டு வந்தன். தோட்டை அடகு வைச்சாவது செய்வம் எண்டு யோசிக்கிறன்."

நாங்கள் இருவருமாக நெல்லியடியில் வேறொரு திருத்துநரிடம் போனோம். அவர் வயதில் இளையவர். மல்ரிமீற்றரை எடுத்து முதலில் சாஜரை அளந்தார். "சாஜரில கரண்ட் வருகுது அக்கா. உள்ளுக்குத்தான் போகேல்லை" என்றார். பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, சாஜர் குத்தும் துவாரத்தின் உட்பகுதியை எங்களுக்குக் காட்டினார். ஈயப்பற்று வெடித்து, அந்த இடம் பச்சை பிடித்திருந்தது. உப்புக்காற்றும், கட்டிலில் வைத்துப் பாவிக்கும்போது வயர் இழுபட்டதும் சேர்ந்து செய்த வேலை என்றார். அந்தத் துவாரத்தை மாத்தி, துப்புரவு செய்து தர 4,500 ரூபா. மறுநாள் கணனி எரிந்தது. தோடு காதிலேயே இருந்தது.

முதற் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல நான் வரவில்லை. எரியாத கணனியைக் கண்டதும், ஒவ்வொரு பகுதியாகச் சோதிக்காமல், போட்டையே மாத்திவிடுவது சிலருக்கு வேகமான வழி. நான் கவனித்தது வேறு. முதற் கடையில் அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டாவது இடத்தில் திருத்துநர் உள்ளே திறந்து காட்டியதும் அவர் ஐந்தாறு கேள்வி கேட்டார். "இது திரும்பவும் வெடிக்குமோ தம்பி?", "மேசையில வைச்சுப் பாவிச்சால் நல்லதோ?" என்றெல்லாம். அறிவு இல்லாததால் அல்ல, பார்க்க வாய்ப்புக் கிடைக்காததால்தான் அவர் முதலில் வாய் மூடி இருந்தார்.

தையல் மெசினுக்கு யார் உத்தரவாதம் கேட்டார்?

"கணனி உள்ளுக்குத் திறக்கிறதெல்லாம் ஆம்பிளையளின்ர வேலை" என்று பெண்களே என்னிடம் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் பெண்ணின் வீட்டு விறாந்தையில் தையல் மெசின் ஒன்று இருக்கும். அது அவருடைய தாயாரின் மெசினாகவும் இருக்கலாம். அதன் உத்தரவாதம் எப்போது முடிந்தது என்று எவருக்கும் தெரியாது. வார் தளர்ந்தால் வெட்டித் தைத்து இறுக்குவார். பொபின் கேஸைக் கழற்றி நூல் தும்பு எடுப்பார். எண்ணெய் விடும் துவாரங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாத்துவார், பிறகு நூலின் இறுக்கத்தைப் பார்ப்பார், அதன்பிறகும் சரிவராவிட்டால்தான் மெசின் திருத்துபவரைக் கூப்பிடுவார்.

சகோதரிகளே, இலகுவான காரணத்தை முதலிற் பார்த்து, படிப்படியாகக் கடினமான காரணத்துக்குப் போகும் இந்த முறைதான் எந்த இயந்திரத்தையும் திருத்துவதற்கான அடிப்படை. மடிக்கணனிக்கும் இதே வழிதான். தையல் மெசினைத் திறக்கும் கை கணனிக்கு முன்னால் நடுங்குவதற்குக் காரணம் கையில் இல்லை. எது பெண்ணின் பொருள், எது ஆணின் பொருள் என்று சமூகம் பிரித்து வைத்திருப்பதிலேயே இருக்கிறது. சமூகவியலில் இதைப் பால்நிலை அடிப்படையிலான வேலைப் பிரிவினை என்று படித்தோம். வீட்டுக்கு வீடு போகும்போது அதைக் கண்ணாற் காண்கிறோம்.

எமது மண்ணுக்குத் திருத்திப் பாவிப்பது புதிதுமல்ல. 1990 இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் பற்றரியும் எரிபொருளும் வரவில்லை. அக்காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சிறிதளவு பெற்றோலில் உதைத்து எடுத்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எந்தப் பொருளையும் இலகுவில் எறியாத சமூகமாக நாம் இருந்தோம். அந்தப் பழக்கம் வறுமையால் மட்டும் வந்ததல்ல. பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ளும் துணிவாலும் வந்தது.

கடைக்குப் போக முன்னர் வீட்டிலே பார்க்கக்கூடியவை

திருத்துநரின் வேலையை நாம் செய்யவேண்டும் என்பதல்ல. நோய் வந்தால் வைத்தியரிடம் போகிறோம். ஆனால் எப்போது காய்ச்சல் தொடங்கியது, எங்கே நோகிறது என்று சொல்லத் தெரிந்திருப்பது நல்லதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

முற்றாக எரியவில்லையா? முதலில் வேறொரு பிளக்கில் குத்திப் பாருங்கள். சாஜரில் சிறு விளக்கு இருந்தால் அது எரிகிறதா என்று பாருங்கள். அதே வகையான இன்னொரு சாஜர் அயலில் கிடைத்தால் அதனாற் சோதிக்கலாம். ஆனால் சாஜரின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ற் அளவு, உதாரணமாக 19 அல்லது 20, இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். அம்பியர் அளவு சமனாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. பிறகு சாஜரைக் கழற்றி, பற்றரியை வெளியே எடுக்கக்கூடிய மாதிரியென்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 செக்கன் வரை அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின் வெளியேறும். அதன்பின் சாஜரை மட்டும் குத்தி முயன்று பாருங்கள். சில கணனிகள் இதனோடேயே எழும்பிவிடும்.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை இருட்டா? கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்னொளியில் மட்டுமே பிழை. வீட்டுத் தொலைக்காட்சியுடன் வயர் மூலம் இணைத்துப் பார்க்கலாம். அங்கே படம் வந்தால் மதர்போட் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "போட் அடிச்சிட்டுது" என்று யாராவது சொன்னால் அப்போது கேள்வி கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கும். எங்கும் படம் வராவிட்டால், உள்ளே இருக்கும் றாம் பலகையைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்துவது திருத்துநர் முதலிற் செய்யவேண்டிய மலிவான வேலை.

சூடாகி இடையில் நின்றுவிடுகிறதா? எங்கள் ஊரில் சோளகம் புழுதியைக் கொண்டுவரும், வாடை உப்பையும் ஈரத்தையும் கொண்டுவரும். இரண்டும் கணனிக்கு ஆகாது. விசிறியில் தூசி அடைத்தால் வெப்பம் வெளியேறாது. துப்புரவு செய்து, வெப்பம் கடத்தும் பசையைப் புதிதாகப் பூசினால் போதும். கட்டிலிலும் தலையணையிலும் வைத்துப் பாவித்தால் காற்றுப் போகும் வழி அடைபடும்.

மிகவும் மெதுவாகிவிட்டதா, உள்ளே "டிக் டிக்" என்று சத்தம் கேட்கிறதா? பழைய ஹாட் டிஸ்க் பழுதடையத் தொடங்கியிருக்கலாம். அப்போது முதல் வேலை திருத்துவதல்ல. படங்களையும் பாடங்களையும் கணக்குகளையும் உடனே வேறிடத்தில் பிரதி எடுப்பதுதான். பிறகு சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கணனியும் புதுவேகம் பெறும்.

திகதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறதா? உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு 3 வோல்ற் பற்றரி இருக்கும். அதை மாத்துவது சிறிய செலவு.

பற்றரி வீங்கியிருக்கிறதா? மூடி சரியாக மூடாமல், விசைப்பலகையோ அதன் கீழுள்ள தொடுபலகையோ மேலெழும்பி நின்றால் பாவிப்பதை உடனே நிறுத்துங்கள். சாஜ் ஏற்றவேண்டாம், அழுத்தவும் குத்தவும் வேண்டாம். அது தீப்பற்றக்கூடியது. சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைத்து, திருத்துநரிடம் கொடுத்து அகற்றுங்கள்.

தேநீரோ தண்ணீரோ ஊற்றுப்பட்டதா? உடனே நிறுத்தி, சாஜரைக் கழற்றி, திறந்தபடி கவிழ்த்து வையுங்கள். "எரியுதோ பாப்பம்" என்று மீண்டும் போட்டுப் பார்ப்பதுதான் பல கணனிகளைக் கொல்கிறது. அரிசிக்குள் புதைத்து வைப்பதால் உள்ளே போன சீனியும் உப்பும் வெளியே வராது. திறந்து துப்புரவு செய்யவே வேண்டும்.

கடையிலே கேட்கவேண்டிய கேள்விகள்

பழுது என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் கேளுங்கள். போடப்போகும் பகுதி புதியதா, பாவித்ததா? செலவு எவ்வளவு? அதற்கு மேலே போவதென்றால் முன்கூட்டியே அழைத்துச் சொல்வீர்களா? திருத்தாவிட்டாலும் பார்ப்பதற்குக் கூலி உண்டா? செய்த வேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம்? கழற்றிய பழைய பகுதியைத் திருப்பித் தாருங்கள் என்றும் சொல்லுங்கள். நல்ல திருத்துநர் இவற்றுக்குக் கோபிக்கமாட்டார். எமது பிரதேசத்தில் நேர்மையாக, குறைந்த கூலிக்கு வேலை செய்யும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். விளக்கமாகக் கேட்கும் வாடிக்கையாளரை அவர்கள் மதிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பெண்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். கணனிக்குள் எமது படங்களும் கடிதங்களும் கடவுச்சொற்களும் இருக்கின்றன. படங்கள் வெளியே போய்விடுமோ என்ற பயத்தினாலேயே கணனியைத் திருத்தக் கொடுக்காமல் அலுமாரிக்குள் வைத்திருக்கும் யுவதிகளை நான் சந்தித்திருக்கிறேன். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் வழி இருக்கிறது. கணனி எரியும் நிலையில் இருந்தால், கொடுக்கும் முன்னர் சொந்தப் படங்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அங்கிருந்து அழித்துவிடுங்கள். மின்னஞ்சல், முகநூல் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். எரியாவிட்டால், பழுது திரையிலோ சாஜர் துவாரத்திலோ என்றால், ஹாட் டிஸ்க்கைக் கழற்றித் தரும்படி கேட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். அதை நீங்கள் கேட்பது அவமரியாதை அல்ல. சிறிய வேலையென்றால் பக்கத்திலிருந்து பார்த்தே செய்விக்கலாம். அனுமதியின்றி ஒருவரின் கணனித் தகவலை அணுகுவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் எமது பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும்.

உத்தரவாதம் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு

"வாரன்டி முடிஞ்சுது, இனி ஒண்டும் கேக்கேலாது" என்று பலர் நினைக்கிறார்கள். கணனியைச் செய்த கம்பனியிடம் கேட்கமுடியாது என்பது உண்மை. ஆனால் எமக்குப் பழைய கணனியை விற்ற வியாபாரிக்கும், அதைத் திருத்தித் தருபவருக்கும் வேறு கடமைகள் இருக்கின்றன.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இதைச் சொல்கிறது. கூலிக்கு ஒரு சேவையைச் செய்யும் வியாபாரி, அதை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்வார் என்பதும், அதற்காகப் போடும் பொருட்கள் அந்தத் தேவைக்குப் பொருத்தமானவையாக இருக்கும் என்பதும், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் அடங்கிய உத்தரவாதம். பழைய பொருளைப் புதியதென்று சொல்லி விற்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. விற்றவர் தந்த உத்தரவாதத்துக்கு ஏற்றபடி பொருள் அமையாவிட்டால் அதிகாரசபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். பொருளை வாங்கி, அல்லது சேவையைப் பெற்று, 3 மாதங்களுக்குள் கொடுக்கவேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

இந்த 3 மாதக் கணக்கை மறந்துவிடாதீர்கள். எமது பெண்கள் பலர் "பாவம் அந்தத் தம்பி, பிறகு சொல்லுவம்" என்று நாளைக் கடத்திவிடுகிறார்கள். அதைவிட முக்கியம் பற்றுச்சீட்டு. வாயால் சொன்ன 3 மாத உத்தரவாதத்தை யாரிடம் நிரூபிப்பது? ஆகவே சின்னக் கடையானாலும், துண்டுத் தாளிலாவது, திகதி, செய்த வேலை, போட்ட பகுதி, தொகை, உத்தரவாத நாட்கள் ஆகிய ஐந்தையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அந்தத் துண்டை அரிசிக் கூப்பன் மட்டையைக் காத்த எமது தாய்மாரைப் போலக் காத்து வையுங்கள்.

திருத்தாமல் விடவேண்டிய நேரமும் உண்டு

எல்லாவற்றையும் திருத்தத்தான் வேண்டும் என்பதும் சரியல்ல. முன்பள்ளி ஆசிரியை ஒருவரின் மடிக்கணனியில் பால்தேநீர் ஊற்றுப்பட்டு, சில நாட்கள் கழித்தே திருத்துநரிடம் போனது. போட் முழுவதும் அரித்துப் போயிருந்தது. திருத்தினாலும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்லமுடியாது என்று திருத்துநர் வெளிப்படையாகச் சொன்னார். ஆசிரியைக்குக் கவலை கணனியைப் பற்றியதல்ல. பிள்ளைகளின் விபரங்களும், இறந்துபோன தகப்பனாரின் படங்களும் அதில் இருந்தன. திருத்துநர் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி, சிறிய பெட்டியொன்றில் பூட்டி, வேறொரு கணனியில் குத்தியபோது எல்லாம் அப்படியே இருந்தன. ஆசிரியை படங்களை எடுத்துக்கொண்டு, அந்தக் கணனியை விட்டுவிடத் தீர்மானித்தார். அதுவும் நல்ல முடிவே. அவரே பார்த்து, அவரே கேட்டு, அவரே எடுத்த முடிவு.

எல்லாக் கணனியிலும் இப்படி எடுக்கமுடியாது. சில புதிய மாதிரிகளில் சேமிப்பகம் போட்டுடன் ஒட்டியே வருகிறது. ஆகவே முக்கியமானவற்றுக்கு எப்போதும் இன்னொரு பிரதி வேண்டும்.

பலர் கைக்கொள்ளும் கணக்கு ஒன்றுண்டு. அதே நிலையிலுள்ள வேறொரு பாவித்த கணனியின் விலையில் பாதிக்கு மேல் திருத்தச் செலவு போனால் ஒருதடவை யோசியுங்கள். பாதிக்குக் குறைவென்றால் திருத்துவதே பெரும்பாலும் இலாபம். கணனி நல்லாயிருந்தும் மென்பொருள் பழசாகிவிட்டது என்று விடுபவர்களும் உண்டு. விண்டோஸ் 10 க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பழைய கணனிகள் பல விண்டோஸ் 11 ஐ ஏற்காது. அவற்றில் லினக்ஸ் மின்ற், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்களைப் போட்டால் தமிழில் எழுதவும், கணக்கு வைக்கவும், இணையத்தில் படிக்கவும் தாராளமாகப் போதும்.

விடுவதென்று முடிவெடுத்தால் குப்பையோடு எரிக்கவோ கிணற்றடியில் எறியவோ வேண்டாம். எமது குடாநாட்டுக்கு நிலத்தடி நீரே உயிர். ஈயமும் பிற நச்சுப் பொருட்களும் மண்ணில் இறங்கக்கூடாது. பகுதிகளுக்காகத் திருத்துநரிடம் கொடுக்கலாம், அல்லது மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் சேர்ப்பிக்கலாம். 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியல் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகளின் 2024 அறிக்கை கூறுகிறது.

கூடிச் செய்தால் இலகு

திருத்தும் உரிமை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. நெதர்லாந்தின் அம்ஸ்ரடாமில் 2009 இல் மார்ட்டின் பொஸ்ட்மா என்ற பெண் முதலாவது 'திருத்தக் கபே'யை ஆரம்பித்தார். பழுதான பொருளோடு வருபவர், தெரிந்தவருக்கு அருகிலிருந்து, கூடவே திருத்தப் பழகும் இடம் அது. பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. பிரான்சில் 2021 முதல் மடிக்கணனி உட்படச் சில பொருட்களை விற்கும்போது, திருத்துவது எவ்வளவு இலகு என்று 10 இற்குப் புள்ளி காட்டவேண்டும் என விதித்தார்கள். இந்திய அரசு 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைக்கென இணையவாசல் ஒன்றைத் திறந்தது.

நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எமது கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இருக்கின்றன. சீட்டுப் பிடித்துப் பாத்திரமும் கதிரையும் வாங்கி, கொண்டாட்டங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம். அதே சங்கம் சிறிய திருகாணிச் சாவித் தொகுதி ஒன்று, மல்ரிமீற்றர் ஒன்று, ஹாட் டிஸ்க் பூட்டும் பெட்டி ஒன்று, பிரதி எடுத்து வைக்கப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி வைக்கலாம். மாதத்தில் ஒருநாள், ஊர்த் திருத்துநர் ஒருவரை அழைத்து, அவருக்குரிய கூலியையும் கொடுத்து, பெண்கள் எல்லோரும் சுற்றியிருந்து பார்க்கலாம். ஒரு கணனியைத் திறந்து பார்த்துவிட்டால் அடுத்த தடவை பயம் பாதியாகிவிடும்.

க.பொ.த. சாதாரணதரம் முடித்து வீட்டிலிருக்கும் எமது பிள்ளைகளுக்கு இதில் தொழிலும் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கணனி வன்பொருள் தொழில்நுட்பப் பயிற்சியைப் பெற்று, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அந்த வகுப்புக்கு மகனை அனுப்பும் பெற்றோர் மகளைத் தட்டச்சுக்கு அனுப்புகிறார்கள். தன் படங்கள் இருக்கும் கணனியைப் பெண் திருத்துநர் ஒருவரிடம் கொடுக்க முடியுமென்றால் எத்தனை யுவதிகள் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். தையல், கேக் ஐசிங் என்ற வட்டத்துக்குள்ளேயே பெண்களின் சுயதொழிலைத் திட்டமிடும் நிறுவனங்களும் இதனைக் கவனத்தில் எடுக்கவேண்டும்.

கம்பனி தரும் உத்தரவாதம் ஓராண்டோ மூன்றாண்டோதான். அதற்குப் பிறகு பொருளைக் காப்பது, அதைப் பாவிப்பவரின் அறிவும், கையிலுள்ள பற்றுச்சீட்டும், வேறிடத்தில் வைத்த பிரதியும், கேள்வி கேட்கத் தயங்காத வாயும்தான். இன்றிரவு வீட்டு வேலை முடிந்ததும் உங்கள் மடிக்கணனியைக் கவிழ்த்து, அதன் மாதிரி இலக்கத்தையும் சாஜரின் வோல்ற் அளவையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் படங்களை ஒரு பிரதி எடுங்கள். தொடங்குவதற்கு அது போதும்.